ஜெபக் குறிப்பு நோட்டில் நான் எழுதிய ஒரு வரி

செய்தி வந்தபோது நான் திருநின்றவூர் ஸ்டேஷனில் ரோஸி அக்காவுக்காகக் காத்திருந்தேன். காலை ஏழு பத்து வண்டியில் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவோம். பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ஒரு தூண் உண்டு. யார் முதலில் வந்தாலும் அங்கே நிற்பது வழக்கம். அன்று அக்கா வரவில்லை. ஏழு பத்து வந்தது, போனது. அடுத்த வண்டிக்காக நிற்கும்போது போன் அதிர்ந்தது. நம் சபையின் வாட்ஸ்அப் குழு. சகோதரி ரோஸிலின் இன்று அதிகாலை மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இருந்தது.

அதை நான் இரண்டாம் முறை படித்து முடிப்பதற்குள் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. அதற்கும் கீழே ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தார். அடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை அன்பின் விருந்து உண்டா இல்லையா என்று கேட்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. குமட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றேன். அந்தக் குமட்டல் இன்னும் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப்பான ஒன்றை எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

நினைவு ஜெபத்துக்கு அச்சடிக்கும் தாளில் போட நாலு வரி எழுதித் தரும்படி பாஸ்டரம்மா கேட்டார். "நீதான் தினமும் அவங்களோட ரயில்ல போவ. கையெழுத்தும் நல்லா இருக்கும். நல்லதா நாலு வரி எழுதுமா" என்றார். நாலு வரியில் முடியவில்லை. நல்லதாக மட்டும் எழுதவும் வரவில்லை. எனக்குப் பேச வராது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். பேச வராததால் எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பைக்குகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தார். வீட்டுக்காரர் பிரபு அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி உங்களில் பலர் அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்த டாக்டர், எந்த உபவாசக் கூட்டம் என்று நீங்களே சொல்லியும் இருக்கிறீர்கள்.

பத்தாவது முடித்துப் பதினொன்றாவதில் சேர்ந்த மூன்றாம் மாதம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்களே பதிலையும் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர் படிப்பு ஏறவில்லை என்றார். ஒருவர் என் அம்மாவைத் தனியாக அழைத்து, பையன் விவகாரமா என்று விசாரித்தார். என் அம்மா, சீரியலின் சத்தத்தைக் குறைக்காமலேயே, "சோம்பேறி" என்றார். பதினெட்டு முடிந்ததும் அக்கா என்னைத் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். முதல் வாரம், மாலை வண்டியில், பட்டரவாக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா பையிலிருந்து கொத்தவரங்காயையும் மஞ்சள் பிடி போட்ட சின்னக் கத்தியையும் எடுத்தார். நம் பக்கத்துப் பெண்கள் பெட்டியில் இது புதிதல்ல. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கும். நறுக்கிக்கொண்டே அக்கா கேட்டார்.

"ஏன்டி எஸ்தரு, இஸ்கூல இன்னாத்துக்கு உட்ட?"

வழக்கம்போல, கேட்டவரே பதில் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அக்கா சொல்லவில்லை. அம்பத்தூர் போனது. திருமுல்லைவாயல் போனது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. அண்ணனூரில் வண்டி நின்றபோது நான், "எழுந்து நின்னு படிக்கச் சொல்வாங்கக்கா" என்றேன். கத்தி நின்றது.

பாதி நறுக்கிய காய் விரலுக்கும் கத்திக்கும் நடுவில் அப்படியே இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்தால் நான் பேசமாட்டேன் என்று அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ. "அப்புறம்?" என்றார். சொன்னேன். பாடத்தை உரக்கப் படிக்க எழுந்தால் என் குரல் வராது. வரும்வரை நிற்கச் சொன்னார் டீச்சர். தினமும் நின்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஒரு நாள் நின்றபடியே பாவாடையை நனைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து போகவில்லை. ஆவடி, பட்டாபிராம் எல்லாம் தாண்டி நேமிலிச்சேரி வரை சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அதுவரை அந்தக் கத்தி அசையவில்லை. பக்கத்தில் இருந்த மற்றவர்களின் கத்திகள் டக் டக் என்று போய்க்கொண்டே இருந்தன.

முடிவில் அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இத்தினி நாளு இத்த வெச்சிகினு எப்படிடி சோறு துன்ன?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு நானும் அந்தக் கத்தியைக் கவனிக்கத் தொடங்கினேன். சும்மா கதை பேசினால் அது ஓடும். யாராவது மனசிலிருந்து ஒன்றைச் சொன்னால் நின்றுவிடும். ஆவடியில் பூக்கூடையோடு ஏறும் ஒரு அம்மா, தன் மருமகள் தன்னை வாசலிலேயே உட்காரவைத்துச் சோறு போடுவதை ஒரு நாள் சொன்னார். அக்கா இரண்டு ஸ்டேஷனுக்குக் கேட்டார். அந்த அம்மா இறங்கும்போது அக்காவின் மடியில் ஒரு முழம் பூவைப் போட்டுவிட்டுப் போனார். நம் சபைப் பெண்களைப் போல அக்காவும் பூ வைக்காதவர் என்பது அவருக்குத் தெரியாது. அக்கா அதைத் திருப்பித் தரவுமில்லை.

"ஏன்க்கா இயேசப்பாவப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் சொல்லல? நல்ல சந்தர்ப்பம் ஆச்சே" என்றேன். சபையில் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

"அது வாயத் தொறந்து அழுதுகினு கீது. நடுவுல பூந்து ஆண்டவர விக்கச் சொல்றியா? அவரு இன்னா சோப்புக் கட்டியா?"

பிறகு, வழியோரம் கத்திக் கூப்பிட்ட குருடனைப் பற்றிச் சொன்னார். ஞாயிறுதோறும் நாம் கேட்டு அலுத்த கதைதான். ஆண்டவர் நின்றார், அவனைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். "கண்ணு தெரியாதவனுக்கு இன்னா வேணும்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டாருடி. அதான் மரியாதை. நம்ம ஆளுங்க இன்னான்னா, தெரியாமலே பதில் சொல்றானுங்க." இதைச் சொல்லும்போது கத்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தான் பேசுவதை அவர் அவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை.

இனி எழுதப்போவது என் தப்பு.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தின் ஜெபக் குறிப்பு நோட்டு என்னிடம்தான் இருக்கும். பேசாத பெண்ணுக்கு ஏற்ற ஊழியம் என்று கொடுத்தார்கள். அவரவர் பாரத்தை என்னிடம் சொல்வார்கள், நான் எழுதுவேன், பாஸ்டரம்மா மைக்கில் வாசிப்பார். வாசித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பார்கள். அந்த இரைச்சலை நான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை மாலை, அம்பத்தூர் தாண்டியதும், அக்காவின் கத்தி நின்றது. நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. யாரும் பேசவில்லை. தானாக நின்றது.

"ரெண்டு மாசமா எனக்கு ஜெபம் வரலடி" என்றார். "முட்டி போடறேன். ஒண்ணியும் வரல. செவுத்தப் பாத்துகினு கீறேன்."

நம் சபையில் எல்லாருக்கும் முன்னால் வந்து ஜமுக்காளம் விரிக்கிற ரோஸி அக்கா. எனக்குப் பயமாகிவிட்டது. மேலே கேட்டால் இன்னும் பெரிதாக ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். ஸ்டேஷன்கள் நிறைய இருந்தன. "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை போதும். ஒரு வருஷமாக அந்த வார்த்தையைத் தினமும் வாங்கித் தின்றவள் நான். எனக்கு அது வாயில் வரவில்லை. "நான் ஜெபம் பண்றேன்க்கா" என்றேன்.

அக்கா ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிடி" என்றார். கத்தி மறுபடி ஓடியது.

இந்த வாக்கியத்தை இப்போது யார் சொன்னாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஜெபம் தப்பு என்று சொல்லவில்லை. பேச வருகிறவரின் முகத்தில் கதவைச் சாத்துவதற்கு இதைவிட வசதியான தாழ்ப்பாள் நம்மிடம் இல்லை. சாத்தியது போலவும் இருக்காது, பரிசுத்தமாகவும் இருக்கும்.

அதோடு நிற்கவில்லை. பெரிய பொறுப்பு வந்துவிட்டதாக நினைத்து, வெள்ளிக்கிழமை நோட்டில் எழுதினேன். பெயர் போடவில்லை. புத்திசாலித்தனமாக எழுதியதாக அப்போது நினைத்தேன். வரி இதுதான்: "தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி இரண்டு மாதமாக ஜெபிக்க முடியாமல் இருக்கிறார்கள்."

அந்த அறையில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், நோட்டு எழுதியவள்.

பாஸ்டரம்மா வாசித்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தீர்கள். நான் திறந்திருந்தேன். அதனால் எழுதுகிறேன். அக்காவை நடுவில் உட்காரவைத்துத் தலையில் கை வைத்தீர்கள். எத்தனை கை என்று தெரியவில்லை, அக்காவின் கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. ஒருவர் சோர்வின் ஆவியை வெளியே போகச் சொல்லிக் கத்தினார். அவர் எச்சில் அக்காவின் கன்னத்தில் தெறித்தது. இன்னொரு ஆன்ட்டி கைப்பையிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து உச்சியில் ஊற்றினார். துளியாக அல்ல, நிறையவே. அது நெற்றியில் வழிந்து, இடது கண்ணுக்குள் இறங்கி, ஜாக்கெட் வரை போனது. வாசனை எண்ணெய். அக்காவும் கண்ணை மூடவில்லை. எண்ணெய் இறங்கிய கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிஷம். அத்தனை வாய்களில் ஒன்றுகூட "ஏன் வரலம்மா?" என்று கேட்கவில்லை.

முடிந்ததும், "இப்ப லேசா இருக்கா சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். பதில் வருவதற்குள் அவர் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். இவர்களில் யார் பெயரையும் நான் எழுதமாட்டேன். எழுதினால் அந்த நோட்டை மறுபடியும் திறந்தவள் ஆவேன். அக்காவின் விஷயத்தை இங்கே எழுதுவதற்குக் காரணம், அதில் இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதுதான். என் கையெழுத்தால் அது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நோட்டுல எழுதுனது நீதான?"

"ஆமாக்கா."

"எழுத்து மணிமணியா இருந்துருக்குமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெருமுனை வந்தது. அக்கா சொன்னார்: "ஆண்டவர்கிட்ட சொல்ல முடியலன்னுதான்டி உன்கிட்ட சொன்னேன். நீ அத்த எடுத்தாந்து திரும்பியும் அவருகிட்டயே அனுப்பிட்ட. அதுவும் மைக் வெச்சு."

திட்டியது அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை அதே தூணருகே நின்றிருந்தார். என் கதைகளை முன்போலவே கேட்டார். கம்பெனியில் சூப்பர்வைசர் என்னை ஊமை என்று கூப்பிட்டதைச் சொன்னபோது கத்தி நின்றது. அம்மா என்னோடு பேசாமல் இருந்த வாரத்தில் நின்றது. எனக்காக அது எத்தனையோ முறை நின்றது. அவருக்காக அது தானாக நின்றது அந்த ஒரு புதன்கிழமைதான். அதற்குப் பிறகு அவர் தன்னைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு மாதம், காலையும் மாலையும், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். வெட்கமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் கேட்பவராகவே இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஊமை என்று பெயர் வாங்கியதால் கேட்கத் தெரிந்தவள் என்று அர்த்தமில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளே முழுக்க என்னையே பேசிக்கொண்டிருந்தவள் நான். உங்கள் மேல் வரும் அருவருப்பில் பாதிக்கு மேல் என் மேல்தான் வருகிறது.

அடக்கத்தன்று மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர் தன் முழங்கால் வலி சுகமான சாட்சியைச் சொன்னார். பெட்டி திறந்திருந்தது. ஈ ஓட்ட ஆள் இல்லை. பிரபு அண்ணன் ஒரு வார்த்தை பேச எழுந்தார். "அவ ராத்திரில..." என்று தொடங்கியதும் பின்னாலிருந்து "ஸ்தோத்திரம்!" என்று குரல் வந்தது. மைக்கை வாங்கிப் பாட்டுப் பாடிவிட்டார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு எண்ணெய் ஊற்றிய ஆன்ட்டி வந்து, விசுவாசத்தில் பின்வாங்கிப் போயிருந்த ரோஸி அன்று நாம் செய்த ஜெபத்தால் திரும்பவும் ஜெப ஜீவியத்துக்குள் வந்து, ஜெயமாகப் போய்ச் சேர்ந்தாள் என்றார். எல்லாரும் ஆமென் என்றீர்கள்.

எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. எழுந்தும் விட்டேன். பள்ளிக்கூடத்தில் நின்றது போலவே நின்றேன். குரல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன். ரோஸி அக்கா பின்வாங்கிப் போனார் என்பது உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தார் என்பதும் தெரியாது. அவருக்கு ஏன் ஜெபம் வரவில்லை என்பது பூமியில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள்.

எட்டாம் நாள் பிரபு அண்ணனைப் பார்க்கப் போனேன். அக்காவின் வேலைப் பையைத் திறந்து மஞ்சள் பிடிக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். "நீ வெச்சிக்கோமா. ஊட்ல இத்தப் பாத்தா என்னால முடியல" என்றார். வாங்கிக்கொண்டேன். கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்து, "அன்னைக்கு மைக்ல என்ன சொல்ல வந்தீங்கண்ணா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேச ஆரம்பித்தார். வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது அவருடையது.

நோட்டைப் பாஸ்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் மாலை வண்டியில் அவரைக்காய்ப் பையை மடியில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் எண்ணெய் ஊற்றிய ஆன்ட்டி ஏறினார். யாரையோ பார்த்துவிட்டு வந்தாராம். இடம் இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதே எண்ணெய் வாசனை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வேகமாக நறுக்கினேன். அவர் விலைவாசி பேசினார், வெயில் பேசினார். அண்ணனூர் வந்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எஸ்தர், உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? வேற யார்கிட்டயும் சொல்ல முடியல."

இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். "ஜெபம் பண்றேன் ஆன்ட்டி" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு விட்டிருப்பார். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அருவருப்பு போகவில்லை. இப்போதும் போகவில்லை. அக்காவுக்கு யார் மேலும் அருவருப்பு வந்ததில்லையா, அல்லது வந்தும்தான் கேட்டாரா என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அதையும் நான் அவரிடம் கேட்டு வைக்கவில்லை.

ரோஸி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சின்னக் கத்தி. அதை ஓட்ட யாருக்கும் தெரியும். அன்று ஆவடிக்குள் வண்டி நுழையும்போது அவரைக்காய் பாதியில் நிற்க, கத்தியை நிறுத்தினேன். ஆன்ட்டியைப் பார்க்காமல், "சொல்லுங்க" என்றேன். திருநின்றவூர் வரை மூன்று முறை "அப்புறம்?" என்றேன்.

அவர் என்ன சொன்னார் என்பதை எங்கேயும் எழுதப்போவதில்லை.